‘ஜோடி’ வேண்டாம், ‘இணையர்’ போதும்

மயிலாப்பூரோ அடையாறோ, காவல் நிலையத்தில் இருவர் பாதுகாப்பு கேட்டு நின்றால் ‘காதல் ஜோடி தஞ்சம்’ என்றே செய்தித் தலைப்பு வருகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் செருப்பையும் கம்மலையும் எண்ணுகிற சொல் அது. சாதி மறுத்து, உயிருக்கு அஞ்சி வந்து நிற்கும் இரண்டு மனிதர்களுக்கு அது தகாது. மணமானவர்களைக் குறிக்கும் ‘தம்பதி’க்கோ கௌரவமான வரலாறு உண்டு. வேதகால வடமொழியில் ‘தம்’ என்றால் வீடு, ‘பதி’ என்றால் தலைவர். இருமை வடிவில் அச்சொல், கணவன் மனைவி இருவரையுமே வீட்டின் தலைவர்களாக்கியது. ஐஸ்லாந்து மொழியில் மணமான இருவரைக் குறிக்கும் ‘ஹியோன்’ என்ற சொல்லும் ஒரே வீட்டார் என்ற பொருளில் பிறந்ததே. அது ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல. இலக்கணத்தில் இரண்டிலும் சேராத பாலின் பன்மை வடிவம்.

ஆனால், வீடு அமையாத காதலர்களுக்கு வீட்டிலிருந்து பிறந்த சொல் பொருந்தாது. ‘இணையர்’ பொருந்தும். அதில் ஆண் முந்துவதில்லை, பெண் பிந்துவதில்லை; ‘அர்’ விகுதி இருவரையும் உயர்திணையில் நிறுத்துகிறது. இது மேடைத்தமிழ், பேச்சில் ஒட்டாது என்பார்கள். ‘பேருந்து’க்கும் அப்படித்தான் சொன்னார்கள், நாளிதழ்கள் தினமும் அச்சிட்டதால் அது நிலைத்தது. ‘ஜோடி’ பிறமொழிச் சொல் என்பது என் வழக்கல்ல, ‘தம்பதி’யும் வடசொல்தான். மனிதரைப் பொருளாக எண்ணுவதே குறை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர 1967-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்தத் துணிவில் ஒரு பங்கையாவது செய்தி ஆசிரியர்கள் தலைப்புகளில் காட்ட வேண்டும்.