நெஞ்சப் புண்ணும் தமிழ்ப் பாடமும்

கவிதை எழுதி எந்தப் புண் ஆறிற்று என்று வினவுவார் உளர். உடற்புண்ணுக்கு அது மருந்தாகாது; உண்மையே. ஆயின் உள்ளத்திலும் புண் உண்டன்றோ?

முதல் உலகப் போரிலே உடம்பில் ஒரு கீறலும் இன்றி, பேச்சிழந்தும் உறக்கமிழந்தும் கைகால் நடுங்கியும் களத்தினின்று மீண்ட வீரர் பல்லாயிரவர். அந்நோய்க்கு ‘ஷெல் அதிர்ச்சி’ என்று பெயரிட்டனர். ஷெல் என்னும் சொல்லைக் குச்சவெளியில் வாழ்வார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அத்தகைய அதிகாரிகளுக்காக 1916-இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரருகே கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளியை வாளா கிடத்தலாகாது, செயலில் ஈடுபடுத்துதலே மருந்து என்றார் அங்கிருந்த மருத்துவர் ஆர்தர் புரொக். தோட்ட வேலையும் நாடகமும் நடந்தன. நோயாளிகளே ‘ஹைட்ரா’ என்னும் இதழை நடத்தினர். 1917-இல் அங்கு வந்த வில்பிரட் ஓவன் அவ்விதழுக்கு ஆசிரியரானார். நகரத்துப் பள்ளியொன்றில் இலக்கியமும் கற்பித்தார். போரை எதிர்த்து அறிக்கை விடுத்தமையால் அங்கு அனுப்பப்பட்ட கவிஞர் சீக்பிரிட் சசூன், ஓவனின் கவிதைகளைத் திருத்தி ஊக்கினார். சசூனின் மருத்துவர் ரிவர்ஸ், முன்னர் நீலகிரித் தோடரிடையே ஆராய்ந்து 1906-இல் நூல் வெளியிட்டவர். கொடிய நினைவை மறந்துவிடு என்று வற்புறுத்துதல் தீங்கே பயக்கும் என்பது அவர் கருத்து.

ஆயினும், இவ்வரலாற்றை முற்றும் புகழ என் மனம் ஒப்பவில்லை. தேறியவரைத் திரும்பவும் களத்துக்கு அனுப்புதலே அம்மருத்துவத்தின் நோக்கம். ஓவன் தேறினார், மீண்டும் போர் புகுந்தார், போர் ஓய்வதற்கு ஏழு நாள் முன்பு, 1918 நவம்பர் 4-இல் மாண்டார். வயது 25. முனை மழுங்கிய வாளைத் தீட்டுவதுபோல் மனிதனைத் தேற்றுதல் அறமாகுமா? எழுதுகோல் அவன் துயரைச் சொல்வதற்கே தரப்படல் வேண்டும்.

நம் நாட்டுப் போர் 2009-இல் முடிந்தது. படையில் இருந்தவரும், போராளியாய் இருந்தவரும், இடையில் அகப்பட்டவரும் அந்நினைவைச் சுமந்தே வாழ்கின்றனர். அத்துயரைக் கலையால் அணுகினோரும் நம்மிடை உளர். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகம் போர் தந்த மனவடுவை மேடையேற்றியது. மட்டக்களப்பில் 1996-இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் நலிந்த சிறுவர்க்கு வண்ணமும் களிமண்ணும் கதையும் தந்தது.

தமிழாசிரியராகிய நாம் செய்வது யாது? எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகையும் அச்சமும் உள என்று கற்பிக்கிறோம். பாரியை இழந்த கபிலரின் கையறுநிலைக்குப் பொருள் எழுதுவித்துப் புள்ளியிடுகிறோம். அம்மாணவன் வீட்டிலோ, பட்டாசு ஒலிக்கே நடுங்கும் தந்தை இருக்கலாம். அதனை எழுத நம் வகுப்பில் இடமுண்டா?

எழுது என்று எவரையும் வற்புறுத்தலாகாது. எழுதியதற்குப் புள்ளியிடுதலும் ஆகாது. நாம் மருத்துவரும் அல்லேம். மருத்துவம் வேண்டுவோரை மருத்துவரிடம் அனுப்புதலே முறை. ஆயினும் வாரம் ஒரு பாடவேளையும், குறுக்கிடாது கேட்கும் செவியும் நம்மால் நல்க இயலும். கபிலரின் துயருக்கு ஈராயிரம் ஆண்டாக இடமளித்த தமிழ், இச்சிறுவனின் துயரையும் தாங்கும்.