பெயருக்கு விலை

தையற்பொறிக்குப் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனம், 1941-இல் அமெரிக்கப் படைக்கு 500 கைத்துமுக்கிகளைச் செய்தளித்தது. அவ்வளவே, பின்னர் அது கைத்துமுக்கி செய்யவில்லை. அன்று அவை படைமறவர்க்குரிய கருவிகள். இன்றோ, அவற்றுள் ஒன்றைப் பெறுவதற்குத் தொகுப்பாளர் பல்லாண்டு தேடியலைகின்றனர்.

ஏனிந்த வேட்கை? அதே வகையைக் கோல்ட்டு, இரெமிங்டன் இராண்டு முதலிய நிறுவனங்கள் பன்னூறாயிரம் செய்து குவித்தன. கருவி ஒன்றே, பொறித்த பெயரும் அதன் அருமையுமே விலையை ஏற்றுகின்றன. ஆதலின், பிறர் செய்த கருவியில் சிங்கர் பெயரைப் பொறித்து ஏய்ப்போரும் கிளம்பினர்.

அரும்பொருள் தேடுதல் குற்றமன்று. பொய்ப்பெயர் பொறித்தலோ வரலாற்றைக் கெடுக்கும் கயமை. தொகுப்பாளர் தம் கருவியின் எண்ணையும் அது கைம்மாறி வந்த வழியையும் எழுதி வெளியிடல் வேண்டும். பூட்டிய பெட்டி போலிக்கே காவல்!