போன் நமது; சாவி யாருடையது?

தோழர்களே! கோவில்பட்டி மில் தொழிலாளியும் கரிசல்காட்டு விவசாயக் கூலியும் வயிற்றைக் கட்டிப் போன் வாங்குகிறோம். பெட்டியைப் பிரிக்குமுன்பே கூகுள் கம்பெனி உள்ளே குடியேறியிருக்கிறது. நாம் போகும் இடமும் தேடும் பொருளும் அதற்குச் சரக்கு!

இது வீண் பழியல்ல. ஆண்ட்ராய்டு ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்ததாக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமே கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மாற்று இல்லையா? உண்டு. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் பொதுச் சொத்து போல எவருக்கும் திறந்திருக்கிறது. அதைக்கொண்டு தன்னார்வலர்கள் 2016 முதல் 'லினியேஜ் ஓ.எஸ்.' என்ற இயங்குதளத்தை இலவசமாகத் தருகிறார்கள். எல்லாப் போனிலும் அது ஏறாது; ஏறும் போனுக்குக் கூகுள் கணக்கு தேவையில்லை. கம்பெனி கைவிட்ட பழைய போன்கள் பலவும் அதனால் பிழைக்கின்றன.

ஆனால், கூகுளின் சோதனையில் தேறவில்லை என்று பல வங்கிச் செயலிகள் அதில் ஓட மறுக்கின்றன. நம் கூலியை நாம் தொட, கூகுளின் அனுமதிச் சீட்டா?

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த 'பார் ஓ.எஸ்.'ஸை மத்திய மந்திரிகள் சோதித்துப் பாராட்டினார்கள். அதே ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குச் செயலியில் படமெடுத்து வருகைப்பதிவு கட்டாயம் என்றார்கள். செயலியை வைத்ததோ கூகுளின் கடையில்! வாயில் சுதேசி, கையில் கூகுள்!

அரசுச் செயலியும் வங்கிச் செயலியும் திறந்த இயங்குதளங்களில் ஓடியே தீரவேண்டும். போனே இல்லாதவருக்கும் கூலி நிற்கக்கூடாது. சங்கந்தோறும் இக்கோரிக்கையை எழுப்புவோம்!