பரிசோதனை இலவசம், போய் வருவது இலவசம் இல்லை



பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண வாழ்த்து தவிர நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நாற்பது நிமிஷ வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்த பிள்ளைகள் நீங்கள். பத்து நிமிஷம் எனக்காக ஒதுக்குங்கள். ஆண் பிள்ளைகள் "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தள்ளிவிட்டுப் போக வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கணியம்பாடி பஸ் நிறுத்தத்தில் ஒரு மாணவியைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "மார்ல ஒரு கட்டி மாதிரி கீது டீச்சர். பொங்கல்ல இருந்தே கீது. வலி ஒண்ணும் இல்ல, அதான் உட்டுட்டேன்."

"ஏம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டக் கூடாதா? காசா கேக்கப் போறாங்க?"

"காசு கேக்க மாட்டாங்க டீச்சர். ஆனா ஒரு நாள் லீவு போட்டா அந்த நாள் சம்பளம் போவும். மாசக் கடைசில அட்டென்டன்ஸ் போனஸும் போவும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உறவுகளுக்குத் தெரியும். என் பெரியக்காவும் இப்படித்தான் சொன்னாள், "வலி இல்லையே" என்று. அவளுடைய கணக்கு சம்பளக் கணக்கு இல்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தாள். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, ஆடிச் சீர் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்குளிலும் கட்டி வந்துவிட்டது. அடுத்த வருஷம் பேரன் பிறந்தான். அவனைத் தூக்கிப் பார்க்க அக்கா இல்லை. வகுப்பில் உடல்நலப் பாடம் நடத்திய நான் என் கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறை எனக்குச் சாகும்வரை இருக்கும்.

அதனால் அந்த மாணவியை நானே கூட்டிக்கொண்டு போனேன். சுகாதார நிலையத்தில் பி.பி., சுகர் பார்த்தார்கள். பிறகு நர்ஸம்மா திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பத்து நிமிஷத்தில் மார்பகத்தையும் அக்குளையும் விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் அது சாதாரணக் கட்டி. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்று அங்கிருந்த டாக்டரம்மாவும் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ஒரு பைசா செலவில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் அவளுக்கு மூன்று நாள் சம்பளமும் அந்த மாத போனஸும் போயிற்று. பரிசோதனை இலவசம்தான். போய் வருவது இலவசம் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். 1984-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிப்பு இலவசம். ஆனாலும் பிள்ளைகள் வரவில்லை. பீடி சுற்றினால் கையில் காசு, மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கஞ்சி. பள்ளிக்கு வந்தால் அதுவும் போய்விடும். காமராஜர் 1956-இல் மதிய உணவு கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்ததும் எதற்காக? பீஸ் இல்லை என்பது மட்டும் போதாது, வருவதால் ஏற்படும் இழப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்று புரிந்ததால்தான். அப்படியும் வராத பிள்ளையை நாங்கள் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தோம். உங்களில் சிலரை அப்படித்தான் கூட்டி வந்தேன், ஞாபகம் இருக்கும்.

மார்பகப் பரிசோதனையில் நாம் இன்னும் "பீஸ் இல்லை" என்ற இடத்திலேயே நிற்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. இந்திய அளவில் ஒருவர்கூட இல்லை. நாம் முன்னால் நிற்கிறோம் என்று பெருமைப்பட இது ரேங்க் கார்டு இல்லை. நூற்றுக்கு ஆறு என்றால் பெயில்தான். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். 2022-இல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பேருக்கு வந்திருக்கும் என்றும், 98,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது.

"கையால தடவிப் பார்த்தா என்ன தெரியும், மெஷின்ல பார்க்கணும்" என்று என் தம்பி மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதற்காகவே குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் ஆய்வு செய்து, 2021-இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயது தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ் வயதில் சாவு அப்படிக் குறையவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆனால் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. பயிற்சி பெற்ற கைக்கு மதிப்பு உண்டு. மெஷின் தேவைப்படுபவர்களை அந்தக் கைதான் மேலே அனுப்பும்.

வேலூருக்கு ஒரு வேடிக்கை உண்டு. காட்பாடி ஸ்டேஷனில் போய் நில்லுங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். பங்களாதேஷிலிருந்தும் வருகிறார்கள். எல்லாரும் சி.எம்.சி.க்குத்தான். அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் நாம் கட்டியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளைப் பார்க்க ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பாவை அனுப்புகிறேன் என்றபோது, ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துகிடந்தார்கள். அந்தச் சாவைப் பார்த்துத்தான் அவர் டாக்டராகத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் மருத்துவம் ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்று நம் சுகாதார நிலையத்தில் பார்ப்பது ஒரு பெண்தான். கதவு உண்டு, திரை உண்டு. இன்னும் வெட்கம் என்றால் அந்த மூன்று பெண்களின் கதையிலிருந்து நாம் எதைக் கற்றோம்?

இப்போது என்னென்ன கிடைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

30 வயதான எந்தப் பெண்ணும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். ஒரே நாளில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். ஆதார் அட்டையும் போனும் எடுத்துப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம் எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட்டாரத்தின் நடமாடும் மருத்துவ வண்டி உங்கள் ஊருக்கு வரும் தேதியும் அவர்களுக்குத் தெரியும். 104-க்கு போன் செய்தும் கேட்கலாம். நோய் என்று தெரிந்தாலும் கை உடைந்துபோக வேண்டாம். முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். போன வருஷம் பார்த்தபோது ஒன்றுமில்லை என்றார்கள் என்று சும்மா இருக்கக் கூடாது. புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

சரி, போய் வருவதை யார் இலவசமாக்குவது? என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் அரசு. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்பு கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய வேலூர் மாவட்டத்தின் மூன்று துண்டுகளில் இரண்டுக்கு முதலிலேயே வந்தது. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்கு. நல்ல வழி அது. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் மாணவி சொன்னாள், அங்கே 1988-லிருந்தே 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கடிதம் வருமாம். சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே மாமோகிராம் வண்டி நிற்குமாம். "எப்ப வேணா வாங்க" என்றால் நம் பெண்கள் எப்போதும் வர மாட்டார்கள். பெயர் எழுதி, தேதி போட்டுக் கூப்பிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்க வேண்டும். முகாம் என்றால் பேனருக்கு முன்னால் திரைச்சீலை வாங்க வேண்டும். ஒரு முகாமில் ஜன்னலுக்குத் திரை இல்லாமல், வந்த பெண்கள் எல்லாம் பி.பி. மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது, தோல் கம்பெனி, ஷூ கம்பெனிகளில் மேனேஜராக, சூப்பர்வைசராக இருக்கும் என் பிள்ளைகள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் இருக்கிறீர்கள். என் அண்ணன் மகன் சொன்னான், "அத்தை, இருநூறு பேர் லீவு போட்டா ஷிப்மென்ட் நின்னுடும்." கண்ணு, இருநூறு பேரை ஒரே நாளில் யார் அனுப்பச் சொன்னது? ஒரு நாளைக்குப் பத்துப் பேர், சம்பளத்தோடு அரை நாள், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டால் நர்ஸையும் வண்டியையும் கம்பெனிக்கே அழையுங்கள். ஒரு அறையும் ஒரு கட்டிலும் ஒரு திரையும் போதும். பத்து வருஷம் தைத்துப் பழகிய கை போய்விட்டால் அந்த லைனில் யாரை உட்காரவைப்பீர்கள்?

மூன்றாவது, வீட்டில் இருக்கும் ஆண்கள். அம்மாவையும் மனைவியையும் அக்காவையும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அவர்கள் போகிற அன்று காலை சோறு நீங்கள் வடியுங்கள், பிள்ளையை நீங்கள் பள்ளியில் விடுங்கள். கூட ஒரு ஆள் வந்தால் முக்கால்வாசிப் பயம் போய்விடும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் எனக்கு போன் செய்யுங்கள். கணியம்பாடி வட்டாரத்தில் எங்கே என்றாலும் நான் வருகிறேன். பென்ஷன் வாங்கும் எனக்கு லீவு எழுதும் கஷ்டம் இல்லை.

வீட்டுப்பாடம் இதுதான். இந்த மாதத்துக்குள் 30 வயது தாண்டிய என் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஒரு முறை போய் வர வேண்டும். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத வேண்டாம், அது உங்கள் சொந்த விஷயம். "போனேன் டீச்சர்" என்று மட்டும் எழுதுங்கள். நான் பேரேடு போட்டு வைத்திருக்கிறேன். எழுதாதவர்கள் வீட்டுக்கு முன்பு போலவே வந்து நிற்பேன்.

முதல் வரியை நானே எழுதுகிறேன்: போன வாரம் நானும் போய் வந்தேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்