களைக்கொல்லி தின்ற கீரை

ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையோ சோளமோ விதைத்த மானாவாரிக் காட்டில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால், விதைத்ததோடு விதைக்காததும் சேர்ந்து முளைக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டும். களையெடுக்கப் போகும் பெண்கள் முற்றியதைப் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். தளிரைக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். காட்டுக்காரர் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. கூலி தனி, மடிக்கீரை தனி. ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டிலும் அன்றிரவு சட்டியில் கீரை கடைவார்கள்.

இப்போது இந்தக் கீரைகளுக்கு நகரத்தில் மவுசு வந்திருக்கிறது. இயற்கை அங்காடிகளில் முடக்கத்தான் தோசை மாவும் தூதுவளைப் பொடியும் விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த ஆர்வமெல்லாம் தட்டோடு நின்றுவிடுகிறது. கீரை ஏன் அரிதானது என்று கேட்டால், ‘நம் மக்கள் மறந்துவிட்டார்கள்’ என்பார்கள். யார் மறந்தது? எந்தக் கீரையை எந்தப் பருவத்தில் கிள்ளவேண்டும் என்று களையெடுத்துப் பழகிய பெண்களுக்கு இன்றும் தெரியும். கிள்ளத்தான் நிலத்தில் கீரை இல்லை.

காரணம் தெளிப்பான் டேங்கில் இருக்கிறது. மக்காச்சோளம் விதைத்த சில நாட்களிலேயே அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டால் அகன்ற இலைச் செடிகள் பெரும்பாலும் தலைதூக்காது. கீரைக்கு மட்டுமல்ல, ஊடுபயிராகப் பயறு போடும் வழக்கத்துக்கும் அந்த மருந்து ஒத்துவராது. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் கதை வேறு. இந்தியாவில் அது தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா இடங்களுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கொண்டு மட்டுமே அதைத் தெளிக்கவேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையும் போட்டது. ஆனாலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அதை அடிப்பது ஊரறிந்த சங்கதி. பொன்னாங்கண்ணி, வல்லாரை, புளியாரை, ஆரை எல்லாம் ஈரம் தங்கும் அந்த ஓரங்களில்தான் வளர்கின்றன.

விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமல்ல. களையெடுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. ஒரு டப்பா மருந்து இரண்டு களையெடுப்பை மிச்சப்படுத்தும்போது அவர் வேறென்ன செய்வார்? ஆனால் அந்த வரவுசெலவில் விடுபட்ட ஒன்று உண்டு. மடிக்கீரைக்கு என்றும் விலை இருந்ததில்லை; அதனால் அதன் இழப்பும் யார் கணக்கிலும் ஏறவில்லை. கூலியும் போய்க் கீரையும் போன வீடுகளுக்கு மட்டும் அது தெரியும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கீரை தின்றால் இது தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும்; எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் கொஞ்சம் கூடும். ஆனால் காசில்லாமல் கிடைத்த ஃபோலிக் அமிலமும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் தட்டிலிருந்து போனதை ஈடுகட்ட மாத்திரை அட்டை மட்டும் போதாது.

ருசியையும் சொல்லவேண்டும். பண்ணைக்கீரையைப் பூ வைக்குமுன் கிள்ளவேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், துளி புளியோடு வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடைந்து தாளித்தால், ராகிக் களிக்கு அதைவிடத் துணை இல்லை. கலவைக்கீரையில்தான் கைப்பக்குவம் தெரியும். புளியாரையின் புளிப்பு, பருப்புக்கீரையின் கொழகொழப்பு, நல்வேளையின் கசப்பு எதுவும் தூக்கலாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எந்தச் சமையல் புத்தகமும் இந்த அளவைச் சொல்லித் தராது. ருசியோடு எச்சரிக்கையும் வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். பருப்புக்கீரையில் ஆக்சலேட் அதிகம். சாக்கடையோரக் கீரை யாருக்குமே வேண்டாம். கிளைபோசேட் அடித்த செடியோ வாடுவதற்குச் சில நாட்களாகும். அதுவரை பச்சையாகவே நிற்கும். அடித்தவர் சொல்லாவிட்டால் கிள்ளுகிறவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாத செடியைக் கைபேசிப் படத்தை நம்பிப் பறிக்கும் புதிய ஆர்வலர்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பறிப்பது நல்லது.

சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, ஊர் பார்த்தால் பழிக்குமே என்று கதவடைத்து உண்ணும் வறிய குடும்பம் வருகிறது. அந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. விருந்தாளி வந்தால் காட்டுக்கீரைச் சட்டியை மூடிவைக்கும் வீடுகள் இருக்கின்றன. அதே கீரை பொடியாகிப் பாட்டிலில் அடைந்து வந்தால் பெருமை!

காட்டுக்குள் மருந்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது. ஆனால் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், புறம்போக்கு இவையெல்லாம் ஊருக்குப் பொது. அங்கே களைக்கொல்லி அடிக்கக்கூடாது என்று ஊர் தீர்மானம் போடலாம். தன் நிலத்தில் அடித்தவர் வரப்பில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டட்டும். சத்துணவுக் கூடங்கள் மழைக்காலத்தில் மகளிர் குழுக்களிடம் இந்தக் கீரைகளை விலைகொடுத்து வாங்கலாம். விலை கிடைத்தால் வரப்புக்கும் ஒரு மதிப்பு வரும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. ஆடிப்பட்ட விதைப்பு முடிந்து கீரை தளிர்க்கும் நேரம் அது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்.