வாசித்தலும் திருத்துதலும்

ஆசிரியத் தொழில் கையிலே சில அடையாளங்களை விட்டுச் செல்லும். வெண்கட்டிப் பொடி மாலையிற் கழுவினாற் போய்விடுகின்றது. சிவப்பு மை அப்படிப் போவதன்று. அது விரலில் ஒட்டுவதினுங் கூடுதலாகக் கண்ணில் ஒட்டிக்கொள்ளுகின்றது.

பிழை காண்பது எனது தொழில். லகர ளகர ழகரங்கள் மயங்குமிடத்தையும், ஒற்று மிகவேண்டிய இடத்து மிகாமையையும், எழுவாய் ஒருமையாகப் பயனிலை பன்மையாய் முடிவதையும் கண்டு காட்டுதற்கே எனக்குச் சம்பளம் தருகின்றார்கள். இதிலே வெட்கப்பட வேண்டியது யாதுமில்லை. பிழையைப் பிழையென்று சொல்லாத ஆசிரியன் மாணாக்கனுக்குப் பகைவனே. ஆயின், பள்ளிக்கூட மணி அடித்த பின்பும் அந்தக் கண்ணை மூடிவைக்கத் தெரியாத ஒருவன் தன் வீட்டாருக்கும் உறவினருக்கும் என்ன ஆவான்? இவ்வாரம் யான் எழுதப் புகுந்த பொருள் இதுவே. குறைகூறலை விடுங்கள் என்று எழுதத் தொடங்கிப் பிறரைக் குறைகூறி முடித்தல் பொருந்தாது. ஆதலின் என்மேல் வைத்தே சொல்லுகின்றேன்.

எனக்கு ஒரு தம்பி இருக்கின்றான். இளவயதிலேயே நாட்டைவிட்டுச் சென்றவன். சுவிஸ் நாட்டில் வாழ்கின்றான். 2003ஆம் ஆண்டிலே எங்கள் தாயார் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 பாதையும் திறக்கப்பட்டிருந்தது. பல்லாண்டுகள் காணாதிருந்த பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து வந்து பெற்றோரைக் கட்டியழுது சென்ற காலம் அது. தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைத்தல் நம்மவர் வழக்கம். இளையவன் வரவில்லை. அவன் வைக்கவேண்டிய கொள்ளியை யான் வைத்தேன்.

அந்தியேட்டி முடிந்த கிழமையில் அவனுடைய கடிதம் வந்தது. இரண்டு தாள்கள். அதிலே "இழப்பு" என்னுஞ் சொல் மூன்றிடங்களில் வந்தது. மூன்றிடத்தும் "இளப்பு" என்றே எழுதியிருந்தான். என் கை தானாகவே சிவப்புப் பேனையை எடுத்து மூன்று வட்டங்களை இட்டது. பின்பு அரைத்தாளில் மறுமொழி எழுதினேன். பாதை திறந்திருக்கவும் வராத ஒருவன் பெற்றவளை எண்ணி அழுவதாக எழுதுதல் பொருத்தமில்லை என்பது அதன் சாரம். ஓர் எழுத்துப் பிழையும் இல்லாத மறுமொழி. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவனிடமிருந்து எனக்கு ஒரு வரியேனும் வந்ததில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் மனைவியோடு தொலைபேசியிற் பேசுவான். அவ்வேளையில் யான் எழுந்து வளவுக்குள் இறங்கிவிடுவேன்.

பன்னிரண்டு ஆண்டுகளும் யான் வாளா இருந்தேனல்லேன். ஆண்டுதோறும் அம்மாவின் திவசத்தன்று வந்திருக்கும் உறவினர் முன்னிலையில் அவனுடைய குறையை எடுத்துரைத்தேன். உரைக்குந்தோறும் அது வளர்ந்தது. முதலாண்டில் அவன் வராதவன். மூன்றாம் ஆண்டில் வர விரும்பாதவன். ஐந்தாம் ஆண்டில் சிறுபிராயந் தொட்டே தாய்மேற் பற்றில்லாதவன். காய்ச்சலிற் கிடந்த தாயின் தலைமாட்டில் இரவு முழுதும் விழித்திருந்த சிறுவன் அவன். அதையுங்கூட, மறுநாட் பள்ளிக்கூடம் போகாதிருத்தற்குச் செய்த உபாயம் என்று சொல்லிச் சிரித்தேன். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

2015ஆம் ஆண்டிலே காணி உறுதியொன்றைத் தேடிப் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்தக் கடிதம் என் மனைவியின் கைக்கு அகப்பட்டது. நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிச்சனீங்களோ, திருத்தினனீங்களோ?" என்று கேட்டாள்.

வாசித்தேன் என்றேன். அவள் இரண்டாந் தாளைக் காட்டினாள். அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் நாட்டைவிட்டு வெளியேறினால் மீள உள்ளே வர விடமாட்டார்கள் என்று அவன் எழுதியிருந்தான். இங்கே தகனம் நடக்கும் நேரத்தை அங்குள்ள நேரத்துக்குக் கணக்கிட்டு, குளிர்ந்த நீரில் முழுகி, நால்வர் தங்கும் அறையின் மூலையிலே அம்மாவின் படத்தின் முன் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்துத் தனியே இருந்ததாகவும் எழுதியிருந்தான். அந்த வாக்கியத்தின் நடுவிலேதான் மூன்றாவது சிவப்பு வட்டம் இருந்தது. ளகரத்தைக் கண்டவன் வாக்கியத்தைக் காணவில்லை.

மறுவாரம் பண்டித வகுப்பிலே சிலப்பதிகாரம். பலமுறை பாடஞ் சொன்ன நூல். அன்று அது வேறொரு நூலாய்த் தோன்றியது.

கானல்வரியிலே கோவலன் ஒரு பாட்டுப் பாடுகின்றான். மாதவி அதனைக் கேட்டு, இவன் மனத்திலே வேறொருத்தி இருக்கின்றாள் போலும் என எண்ணித் தானும் ஒன்று பாடுகின்றாள். அதனைக் கேட்டு, இவள் மனத்திலே வேறொருவன் இருக்கின்றான் எனக் கோவலன் முடிவு செய்து எழுந்து போகின்றான். கேள்வியுமில்லை, விடையுமில்லை. ஒருவர் நெஞ்சில் இருப்பதை மற்றவர் ஊகித்தது ஒன்றே அங்கு நிகழ்ந்தது. பெரும்பாலான குடும்பங்களிற் பிணக்கு இப்படியே பிறக்கின்றது. செய்த செயலின்மேல் எழுகின்ற குறை சிறிது. அச்செயலுக்கு நாம் கற்பித்துக்கொள்ளும் கருத்தின்மேல் எழுகின்ற பழி பெரிது.

பின்பு மாதவி மடல் எழுதி வசந்தமாலை கையில் அனுப்புகின்றாள். கூலக்கடைத் தெருவிலே அதனைக் கோவலன் ஏற்க மறுக்கின்றான். மறுத்ததோடு அமையாது, அவள் தன்மேல் முன்னர்க் காட்டிய அன்பையெல்லாம் நினைந்து நினைந்து, கண்கூடு வரி, காண்வரி, உள்வரி எனத் தொடங்கி எட்டு வகை வரிக்கூத்துக்களாகப் பெயரிட்டு, எல்லாம் ஆடல்மகளின் நடிப்பே என்கின்றான். இந்த இடத்தை யான் மாணாக்கருக்குக் கூத்திலக்கணம் கற்பிக்கும் இடமாகவே பல்லாண்டு கொண்டிருந்தேன். அன்று அது என் தம்பியைப் பற்றிய இடமாயிற்று. பழி என்பது இன்றைய நாளோடு நிற்பதில்லை. பின்னோக்கிச் சென்று, கடந்துபோன நல்ல நாட்களையும் கெடுத்துவிடுகின்றது. தாயின் தலைமாட்டில் விழித்திருந்த சிறுவனை யான் நடிகனாக்கியதும் இதுவே.

இரண்டாவது மடலைக் கோசிகன் என்னும் அந்தணன் மதுரைக்குச் செல்லும் வழியிலே கொண்டுவந்து கொடுக்கின்றான். இதனைக் கோவலன் வாசிக்கின்றான். பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, மனைவியோடு இரவிலே ஊரை நீங்கும்படி யான் செய்த பிழை யாது என்றே மாதவி அதிற் கேட்டிருந்தாள், வசை ஒன்றுமில்லை. வாசித்தவுடன், அவள்மேல் தீதில்லை, தீது என்னுடையது என்று கோவலன் தெளிகின்றான். இளங்கோவடிகள் அதற்குமேலும் ஒன்று செய்கின்றார். அந்த ஓலையையே தன் பெற்றோரிடம் கொண்டுபோய்க் காட்டும்படி கோவலன் கோசிகனிடம் கொடுக்கின்றான். மாதவி தன்னிடம் பிழைபொறுக்க வேண்டி எழுதிய சொற்கள், தான் தாய்தந்தையரிடம் பிழைபொறுக்க வேண்டுதற்கும் பொருந்தின. பிறர் குற்றத்தைத் தேடிப் போன கண் தன் குற்றத்தைக் கண்டவுடன் இருவர்க்கும் மொழி ஒன்றாகிவிடுகின்றது.

கண்ணகியை இங்கே சொல்லாமல் விடலாகாது. பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பிய கணவனிடம் அவள் கணக்குக் கேட்கவில்லை, சிலம்பைக் கொடுத்தாள். இதனை மட்டும் எடுத்துக்கொண்டு, பெண்ணாய்ப் பிறந்தவள் எதையும் பொறுத்து வாய்திறவாதிருத்தல் வேண்டும் என்று பேசுவோர் உளர். அவர்கள் கொலைக்களக் காதையைப் படித்தாரல்லர். மதுரையிலே கோவலன் தானே தன் பிழையை எண்ணி வருந்தி, அழைத்தவுடன் ஏன் எழுந்து வந்தாய் என்று வினவியபோது, கண்ணகி சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவனுடைய பெற்றோர் பட்ட துயரை முன்வைத்தாள். நீர் செய்தது தகாத ஒழுக்கம் என்பதையும் மறைக்கவில்லை. முகத்துக்கு நேரே, கேட்ட வேளையில், ஒருமுறை சொன்னாள். அதே பெண்ணே அநீதி செய்த அரசன் வாயிலில் ஒற்றைச் சிலம்போடு நின்றவளும். ஆதலின், பழியை விடுதல் வேறு. கொடுமைக்கு உடன்படுதல் வேறு. அடியும் வசையும் நிறைந்த வீட்டிலிருப்பவருக்குப் பொறுமையைப் போதிப்பவர் தாமும் அக்கொடுமையிற் பங்காளரே. யான் பேசுவது, அன்பு உள்ளே இருக்கவும் மேலே குறை படிந்துபோன உறவுகளைப் பற்றி.

வள்ளுவரிடத்தும் இவ்விரண்டு பக்கமுமுண்டு. நட்பு என்னும் அதிகாரத்திலே, நண்பன் எல்லை கடக்கும்போது முன்சென்று இடித்துரைத்தலை நட்பின் பயனாகக் கூறுகின்றார். ஓர் அதிகாரம் விட்டு அடுத்து வரும் பழைமை என்னும் அதிகாரத்திலே, பழகிய நண்பரது பிழையைப் பிறர் வந்து சொன்னாலும் கேளாதிருத்தலைச் சிறப்பிக்கின்றார். இவை முரணல்ல. இடித்துரை செயலின்மேலது, அச்செயல் நடக்கும் வேளையிற் பிறந்து அவ்வேளையோடு முடிவது. பழி ஆளின்மேலது, அதற்கு முடிவில்லை. காதலர் ஊடலுக்கும் உப்பையே உவமையாக அவர் காட்டினார். கறியில் உப்பு வேண்டும். கை சற்றுத் தவறினால் கறி முழுதும் வீண்.

அன்புடையீர், இதனை வாசிப்பவர்களுட் பெரும்பாலோர் என்னைப்போற் சிவப்புப் பேனை பிடிப்பவர்கள். எஞ்சியோர் நாளை பிடிக்கப் போகின்றவர்கள். உங்களை யான் வேண்டிக்கொள்வது சிறிது. வீட்டாரிடம் ஒரு குறையைச் சொல்லுமுன், இச்சொல் அவர் திருந்துதற்கோ, யான் உயர்ந்து நிற்றற்கோ என்று கேளுங்கள். சொல்லவேண்டியதாயின், உரியவரிடம், உரிய வேளையில், ஒருமுறை சொல்லுங்கள். உரியவர் இல்லாத இடத்திற் சொல்லாதிருங்கள். சொல்லி முடித்ததை அடுத்த பிணக்குக்குச் சாட்சியாக அழையாதிருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, எதிரே இருப்பவர் எழுதிய இரண்டாந் தாளையும் வாசியுங்கள்.

அவ்வாண்டிலேயே தம்பிக்குக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதிய பிரதியிலே, என் பிழையை ஒப்புக்கொண்டபின், "ஆயினும்" என்று ஒரு சொல் வந்து நின்றது. இடைச்சொல் தனித்து நின்று பொருள் தாராது என்று இலக்கணங் கற்பிப்பவன் யான். ஆனால் அந்த ஓர் இடைச்சொல் தனக்கு முன்னே எழுதியிருந்த அன்பையெல்லாம் அழித்துவிட வல்லது என்பதை அன்றுதான் கண்டேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். வாசிக்காமலே மறுமொழி எழுதியது என் பிழை, பொறுத்துக்கொள் என்று எழுதி, அதனோடு நிறுத்தினேன்.

மூன்று கிழமை கழித்து மறுமொழி வந்தது. கிணற்றடி மாமரம் இன்னுங் காய்க்கின்றதோ என்று கேட்டிருந்தான். அடுத்த திவசத்துக்கு வருவதாக எழுதியிருந்தான், எழுதியபடி வந்தான். பன்னிரண்டு ஆண்டுகளின் இழப்பை இனி ஒருவராலும் ஈடுசெய்ய இயலாது என்றும் அதிலே ஒரு வரி உண்டு. அந்த வரியிலும் ளகரந்தான் இருந்தது. இருமுறை வாசித்தேன். பேனை சட்டைப்பையில் இருந்தபடியே இருந்தது.