உடப்பின் மின்பலகைகளும் நம் கடமையும்

ஆடித் திங்களில் திரௌபதை அம்மன் சந்நிதியில் தீமிதிப்பவர் உடப்பு மக்கள். அது விரதமிருந்து மனமுவந்து இறங்கும் தீ. வீட்டுச் சுவரிலுள்ள மின்பலகைக்குள் யாருமறியாது மூளும் தீயோ நம் அறியாமையாலும் வணிகரின் அலட்சியத்தாலும் வளர்வது. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

பழுதான எம்.சி.பி.க்கு மாற்று வாங்கச் செல்கிறோம். பலகை செய்த கம்பனியின் பொருள் கடையில் இல்லை. “எல்லாம் ஒன்றுதான்” என்று வேறொன்றைத் தருகிறார்கள். 35 மில்லிமீற்றர் தண்டவாளம் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாதலால் அதுவும் ஏறி அமர்ந்துவிடுகிறது. ஆனால், அமர்வது வேறு, இசைவது வேறு! மின்சாரத்தைப் பகிரும் சீப்புப் போன்ற செப்புப் பட்டை நுழையும் வாயின் உயரமும் ஆழமும் கம்பனிக்குக் கம்பனி மாறுபடும். பட்டையை அது இறுகப் பற்றாவிடில் தொடுகையிடம் சூடேறும். மின்னோட்டம் அளவு மீறாததால் எம்.சி.பி. விழுவதில்லை, பிளாஸ்டிக்கு உருகும். உப்புக்காற்றின் அரிப்பும் சேர்ந்தால் கேடு விரைந்து வரும். தனித்தனியே தரமான இரு பொருள்கள் கூடும்போது தரமாயிரா என்பதனாலேயே பலகையையும் உறுப்புகளையும் ஒன்றாகச் சோதிக்க உலகத் தரவிதிகள் கோருகின்றன.

அடிக்கடி விழுகிறதென்று 16 அம்பியரை நீக்கி 32 அம்பியரைப் பூட்டுவோரும் உளர். கம்பி பழையதே! காவற்காரன் உறங்கினால் கம்பியே எரியும்.

மூன்றாவது, மணல். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு ஏர்த் கம்பி புதைக்கிறோம். வறண்ட மணலில் அதன் தடை மிகும். தடை 50 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் கசிவில் ஓடுவது 4.6 அம்பியரே. அதற்கு 6 அம்பியர் எம்.சி.பி.யும் அசையாது. மனித உயிரைப் பறிக்கவோ சில பத்து மில்லி அம்பியர் போதும். எனவே 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சு இல்லாத வீடு காவலற்ற வீடே. கிணற்று மோட்டரை ஈரக்கையால் தொடும் உழவரும், ஈரத்தில் நின்று வேலை செய்யும் மீனவரும் இதனை மறத்தலாகாது.

இப்புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் நிலையம் உண்டு. நாட்டுக்கு ஒளி தரும் மாவட்டத்தின் குடிசைக்குப் பாதுகாப்பு வேண்டாமா? தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறிற்று. அவ்வாறாயின், உயிர்காக்கும் எச்சரிக்கை தமிழில் இருத்தல் உரிமையேயன்றிச் சலுகையன்று.

ஆகவே நாம் கோருவது இது: எந்தப் பலகைக்கு எந்த எம்.சி.பி. இசையும் என்பதைத் தமிழிலும் அச்சிட்டே விற்க வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இதனைக் கண்காணிக்க வேண்டும். பொறியியல் கற்ற நம் இளைஞர் விடுமுறைக்கு ஊர் வரும்போது வீடு வீடாகப் பலகைகளைப் பார்த்துதவ வேண்டும்.

மக்களும் வாளாவிருத்தல் கூடாது. மாதமொருமுறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிடில் அன்றே தகுதியுள்ள மின்வேலையாளரை அழையுங்கள். வீடு எரிந்தபின் கடைக்காரரை நோவதால் பயனென்ன?